தாய்மாமன் ஹெலியில் வந்த நாள்

எனக்கு ஹெலிகொப்டர் ஓட்டத் தெரியும். இது பொய்யில்லை. அமெரிக்க அரசாங்கம் தந்த உரிம அட்டை இன்றைக்கும் என் பணப்பையில், மெத்ரோ அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் பாரிசில் ஈழத்துச் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சொன்னால் சலூனில் கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிடும். "ஓமோம், அண்ணை பெரிய பைலட் எல்லோ" என்று யாராவது தொடங்குவார்கள். அரைச் சவரத்தில் இருப்பவர்கூடக் குலுங்கிச் சிரிப்பார். அவர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன், வெட்கத்தோடு.

என்னைப் பிரான்சுக்குக் கூப்பிட்டது அக்கா. விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுததும் அக்கா, மறுவாரமே ஓர் உணவகத்தில் வேலை தேடித் தந்ததும் அக்கா. சட்டி கோப்பை கழுவுகிற வேலை. நான் நன்றாகவே கழுவினேன். (இன்றைக்கும் எண்ணெய் பிடித்த தாச்சியைப் பார்த்தால் கை துறுதுறுக்கும்.) எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை கண்டவர் அத்தானின் தமக்கை. ஒருவரைப் புகழ்ந்துகொண்டே குத்துவதில் அவருக்கு நிகர் இல்லை. ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் முன்னிலையில், அக்காவிடம் கேட்டார்:

"உன்ரை தம்பி தங்கமான பிள்ளை. இன்னும் கோப்பைதான் கழுவுறாரோ? பாவம்."

 எங்கள் வீடு இருந்த லா கூர்னெவுக்குத் திரும்பும் ரயிலில் அக்கா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். வேறு எவனாவது என்றால் அக்காவுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். அல்லது லொறி ஓட்டப் பழகியிருப்பான். நான் இணையத்தில் தேடினேன். என் தலைவிதி, ஒரு விளம்பரம் அகப்பட்டது. வெளிநாட்டவர்களே வாருங்கள், அமெரிக்காவில் ஹெலிகொப்டர் ஓட்டப் பழகுங்கள், உரிமம் கிடைத்த பிறகு எங்களிடமே மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பறக்கலாம் என்று இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் ஹெலிகொப்டரில் சாய்ந்து நின்றான். அவனுடைய முகத்தை எடுத்துவிட்டு என் முகத்தை வைத்துப் பார்த்தேன். அத்தானின் தமக்கையின் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முடிவாகிவிட்டது.

அப்போது எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்திருந்தது. சீட்டுக் காசும் கையில் விழுந்திருந்தது. விசாவுக்குப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி என்ன வேலை என்று கேட்டார். சமையலறை என்றேன். அமெரிக்காவில் என்ன படிக்கப் போகிறீர்கள் என்றார். ஹெலிகொப்டர் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மறுபடி பார்த்தார். பிறகு கைரேகைப் படலம். அமெரிக்காவில் பறக்கப் பழகும் வெளிநாட்டவன் விரல் அடையாளம் கொடுத்துத் தன்னைச் சோதிக்க விடவேண்டும். சட்டி கழுவிக் கழுவி என் ரேகைகள் தேய்ந்துபோயிருந்தன. இயந்திரம் என்னை மனிதனாகவே ஒத்துக்கொள்ளவில்லை. கிறீம் பூசிக்கொண்டு பிறகு வாருங்கள் என்றார்கள். பெண்பிள்ளைபோலக் கைக்குக் கிறீம் பூசி, கையுறை போட்டுத் தூங்கி, ஒருவழியாக ரேகையை வரவழைத்தேன்.

புளோரிடாவில் எனக்குக் கிடைத்த பயிற்சியாளர் கெல்லி என்ற மெல்லிய பெண். என்னைவிட வயது குறைந்தவள். முதல் நாளே ஒன்று சொன்னாள்: இதில் பறப்பது சுகம், ஒரே இடத்தில் நிற்பதுதான் கஷ்டம். அது எவ்வளவு உண்மை என்பது நான் நிறுத்தப் பார்த்தபோது தெரிந்தது. இடக்கை ஒரு வேலை, வலக்கை வேறு வேலை, இரண்டு கால்களும் இன்னொரு வேலை. ஒன்றை அசைத்தால் மற்ற எல்லாவற்றையும் அசைக்கவேண்டும். நான் ஒரு காற்பந்து மைதானம் அளவு இடத்தில் முன்னும் பின்னுமாக ஆடினேன். கூடப் படித்த பிரேசில்காரன் நான் ஏறினால் தன் காரை எடுத்துத் தூரத்தில் நிறுத்துவான். கெல்லி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பிடியைச் சும்மா பிடியுங்கள். ஏன் அதைத் தேய்த்துக் கழுவுகிறீர்கள்?" என்று கேட்டாள். என் தொழில் என்னவென்று நான் அவளுக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

ஒரு நாள், எப்படியென்று தெரியாது, நின்றுவிட்டது. புல்லுக்கு மேலே, காற்றில், அசையாமல் நின்றேன். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. பிறகு தனியாகப் பறந்தேன். பரீட்சையும் எடுத்தேன். பரீட்சகர் கையைக் குலுக்கினார். அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். அக்கா அழுதார். அழுது முடித்த கையோடு யார் யாருக்கு ஃபோன் எடுத்தாரோ, நான் பாரிசுக்கு வந்து இறங்கும்போது லா சப்பலில் மரக்கறிக் கடைக்காரர் எழும்பி நின்று கை தந்தார். எனக்கு ஒரு வாழைப்பழச் சீப்பு இலவசம்.

அந்தச் சீப்பு முடியும் முன்பே உண்மை தெரிந்துவிட்டது. பாரிசுக்கு வெளியே ஒரு விமானத் திடலுக்குப் போய், ஹெலிகொப்டர் வாடகைக்கு வேண்டும் என்று அட்டையை நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழகான அட்டை, ஆனால் இதை வைத்து எங்கள் ஹெலிகொப்டரை ஓட்ட முடியாது என்றார். இங்கே மறுபடி படிக்கவேண்டும், மறுபடி பரீட்சை, மறுபடி மருத்துவச் சோதனை. கையில் இருந்த காசெல்லாம் புளோரிடாவின் வானத்தில் கரைந்திருந்தது. மெர்சி என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

நேரே அக்காவிடம் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கதவைத் திறக்கும்போதே உள்ளே அத்தான் ஃபோனில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"ஓமண்ணை, பிள்ளையின்ரை சாமத்திய வீடு. மண்டபம் எடுத்தாச்சு. தாய்மாமனே ஹெலி ஓடி வந்து பிள்ளையை இறக்குறார். வேறை ஆக்கள் ஹெலி பிடிச்சுத்தான் இறக்கினவை. எங்கடை வீட்டிலை ஆளே இருக்கிறார்!"

பருவமடைந்த பெண்பிள்ளைக்குச் செய்யும் அந்தச் சடங்கில் தாய்மாமன்தான் முதல் ஆள். அவன்தான் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிவர வேண்டும், அவன்தான் முதலில் தலையில் பாலறுகு வைக்கவேண்டும். வெளிநாட்டில் எங்கள் சனம் பிள்ளையைப் பல்லக்கில் கொண்டுவந்து பார்த்தது, குதிரை வண்டியில் கொண்டுவந்து பார்த்தது, பிறகு ஹெலியிலும் இறக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் தாய்மாமனே ஓட்டிவருவது எந்த வீட்டிலும் நடந்ததில்லை. அக்கா தேநீர்க் கோப்பையோடு வந்து என் முன்னால் நின்றார். கல்யாண வீட்டில் தொங்கிப்போன அந்த முகம் இப்போது நிமிர்ந்து இருந்தது.

"அக்கா, அது வந்து..." என்றேன்.

"என்னடா?"

"காலநிலை சரியில்லாட்டி ஹெலி ஏலாது."

"அதுக்குத்தானே கோடையிலை வைச்சிருக்கிறம். குடி, ஆறப்போகுது."

குடித்தேன். உண்மையும் தேநீரோடு உள்ளே போய்விட்டது.

அதன் பிறகு நான் செய்தது முழுக்க மடத்தனம். கடன் வாங்கி, ழெரோம் என்ற பிரெஞ்சு விமானியை அவருடைய ஹெலிகொப்டரோடு பிடித்தேன். மண்டபம் செவ்ரான் புறநகரையும் தாண்டி, கிழக்கே வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது. பக்கத்துப் புல்வெளியில் இறங்க அவரே அனுமதி எடுத்தார். என் திட்டம் இதுதான்: ழெரோம் ஓட்டுவார். நான் முன்னால் அவருக்குப் பக்கத்தில் இருப்பேன். இறங்கியதும் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவேன், சனம் முழுக்க எங்களுக்குப் பின்னால் மண்டபத்துக்குள் போய்விடும், எவரும் பார்க்காத நேரத்தில் ழெரோம் எழும்பிப் போய்விடுவார். சனத்தின் கண்ணில் படாமல் கொஞ்சம் பதிந்து இருக்க முடியுமா என்று ழெரோமிடம் பணிவாகக் கேட்டேன்.

"மிசியே, நான் ஓட்டும்போது ஒளிவதில்லை" என்றார்.

அன்றைக்கு நான் தோளில் தங்கக் கோடுகள் வைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அதை வேடப் பொருள் விற்கும் கடையில் வாங்கினேன். (பக்கத்து அடுக்கில் கடற்கொள்ளைக்காரன் உடுப்பு தொங்கியது. அதைப் போட்டிருந்தால் கொஞ்சம் நேர்மையாக இருந்திருக்கும்.) ழெரோம் வெளிறிப்போன ரீசேட்டோடு வந்தார். பின் இருக்கையில் என் மருமகள், அக்காவின் மகள் லக்சிகா, சேலையும் நகையும் பூமாலையுமாக, தலைப்பூவின் மேல் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு இருந்தாள். மேலே எழும்பியதும் காதுக்குள் அவளுடைய பிரெஞ்சு கேட்டது.

"மாமா, ஏன் நீங்கள் ஓட்டவில்லை?"

"பப்பியே பிரச்சினை, செல்லம். இந்த நாட்டு உரிமம் இல்லை."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு, "நான் சொல்லமாட்டேன்" என்றாள். அந்த வயதுப் பிள்ளையை என் பொய்க்குக் கூட்டாளி ஆக்கியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அன்றைக்கு எனக்கு வந்தது கூச்சம் இல்லை, நிம்மதி.

புல்வெளியில் இறங்கியதும் காற்றடித்தது. சேலைகள் பறந்தன, வாழைமரம் சாய்ந்தது, எல்லாரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ழெரோம் இயந்திரத்தை நிறுத்தாமல், "பத்து நிமிடம். எனக்கு அடுத்த வேலை இருக்கிறது" என்றார். நான் லக்சிகாவைக் குனியவைத்து, கையைப் பிடித்து, வெளியே கூட்டிவந்தேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். கெல்லி பார்த்திருந்தால் பாராட்டியிருப்பாள்.

மண்டப வாசலில் அறிவிப்பாளர் ஒலிவாங்கியோடு நின்றார். லா சப்பலில் ஃபோன் கடை வைத்திருப்பவர். கையில் ஒலிவாங்கி கிடைத்தால் ஊரையே மறந்துவிடுவார்.

"இதோ! வானத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறார் தாய்மாமன்! பாரிஸ் மாநகரின் வானோடி! எங்கள் இனத்தின் இரும்புப் பறவை!"

நான் பிள்ளையோடு வேகமாக உள்ளே நுழையப் பார்த்தேன். ஆனால் நான் ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் சனத்தின் ஒரு நிகழ்ச்சியும் பத்து நிமிடத்தில் வாசலைத் தாண்டியதில்லை. முதலில் ஆரத்தி. ஆரத்தித் தட்டில் திரி காற்றுக்கு அணைந்தது. நெருப்புப்பெட்டி தேடினார்கள். பிறகு அத்தான் எனக்கு மாலை போட்டார், அத்தானின் நண்பர்கள் போட்டார்கள். பிறகு வீடியோக்காரர் ஓடிவந்தார்.

"அண்ணை, ஒருக்காத் திரும்பிப் போய் இறங்கிற மாதிரி வாங்கோ. கமெரா ஓன் ஆகேல்லை."

"ஏலாது தம்பி, உள்ளை போவம், உள்ளை போவம்" என்று கெஞ்சினேன். அத்தானின் தமக்கையே முன்னால் வந்து, "எங்கடை பைலட்டோடை ஒரு படம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நொடிக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். அக்கா எனக்கு மறுபக்கம் நின்று சிரித்தார்.

பின்னால் சத்தம் கூடியது. திரும்பினேன். ழெரோம் சொன்ன சொல் தவறாத மனுசன். ஹெலி புல்லைவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடியில் வெயில் பட்டு ஒன்றும் தெரியவில்லை. சனம் ஹெலியைப் பார்த்தது, மாலையோடு நின்ற என்னைப் பார்த்தது, மறுபடி ஹெலியைப் பார்த்தது. ஒலிவாங்கி அலறியது.

"ஐயோ! பைலட் இஞ்சை நிக்கிறார்! ஹெலி ஆளில்லாமல் போகுது! விழப்போகுது!"

ழெரோம் மரியாதைக்கு எங்கள் தலைக்கு மேலாக ஒரு சுற்றுச் சுற்றினார். விருந்தினருக்கு விடைசொல்கிறாராம்.

அடுத்து நடந்ததை நான் ஒருபோதும் எதிர்பார்க்கவில்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அப்படியே நிலத்தில் விழுந்து படுத்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்கள். பிரான்சில் பிறந்த பிள்ளைகள் மட்டும் ஒன்றும் விளங்காமல் நட்டுவைத்ததுபோல் நின்றார்கள். மேலே ஹெலி தாழப் பறந்தால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் சனத்துக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஊரில் யுத்தம் நடந்த அத்தனை வருடமும் அதைத்தான் செய்தோம். நானே மாலையோடு பாதி குனிந்துவிட்டேன். உள்ளே ழெரோம் இருக்கிறார் என்று தெரிந்த ஒரே பெரிய ஆள் நான்தான், எனக்கே முழங்கால் மடிந்துவிட்டது.

அக்கா பட்டுச்சேலையோடு புல்லில் கிடந்தார். லக்சிகாவைக் கீழே இழுத்துப் போட்டு, அவளுக்கு மேல் தான் படுத்திருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. அக்காவை அந்த நிலையில் நான் கடைசியாகப் பார்த்தபோது அவருக்குக் கீழே கிடந்த சின்னப் பிள்ளை நான்.

அந்த இடத்தில் நான் செத்திருக்கலாம்.

"அக்கா, எழும்பு. ஒண்டும் இல்லை. உள்ளை ஆள் இருக்கிறார். அவர்தான் ஓடினவர். நான் இல்லை" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அறிவிப்பாளர் எனக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியைக் கட்டிப்பிடித்தபடி படுத்திருந்தது எனக்குத் தெரியாது. மண்டபத்தின் உள்ளும் புறமும், பந்தி பரிமாற நின்றவர்கள்வரை, எல்லாரும் கேட்டார்கள்.

ஒவ்வொருவராக எழும்பிப் புல்லைத் தட்டினார்கள். அதற்குள் யாரோ ஃபோன் அடித்து, தீயணைக்கும் பொம்பியேக்காரர்கள் சிவப்பு வாகனத்தில் ஊளையிட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கே விழுந்தது என்று கேட்டார்கள். ஒன்றும் விழவில்லை என்று, தங்கக்கோட்டுச் சட்டையும் மூன்று மாலையுமாக நின்று நான்தான் விளக்கவேண்டியிருந்தது. நீங்கள் விமானியா என்று கேட்டார் ஒருவர். "அமெரிக்காவில் மட்டும்" என்றேன். அவர் என் வாயை மணந்து பார்த்தார்.

அத்தானின் தமக்கை சேலைக் கரையில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கோப்பை எண்டாலும் நீர் ஒழுங்காக் கழுவினனீர் தம்பி" என்றார். அதிலும் ஒரு புகழ்ச்சி இருந்தது.

அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கொண்டையில் குத்தியிருந்த புல்லை எடுத்தெறிந்தார். லக்சிகாவின் மாலையைச் சரிசெய்தார். "பாலறுகு வைக்கிற நேரம் போகுது. வா" என்று மட்டும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனேன். தாய்மாமன் நான்தானே, வேறு ஆள் இல்லையே. பாலறுகு வைக்கும்போது என் கை தவறி, பால் முழுக்கப் பிள்ளையின் மூக்கில் வடிந்தது. அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு கனகாலம் நான் லா சப்பல் பக்கம் போகவில்லை. மரக்கறி வாங்க சென் தெனிச் சந்தைக்குப் போனேன். வீடியோக்காரர் அந்தக் காட்சியை, கமெரா இம்முறை ஓனில் இருந்ததால், இசை சேர்த்துத் தந்தார். எங்கள் வீட்டில் யார் காரை நிறுத்திவிட்டு இறங்கினாலும், "உள்ளை ஆள் இருக்கோ, தன்பாட்டிலை போயிடுமோ?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மின்தூக்கிக் கதவு தானாக மூடினால் அத்தான், "விழுந்து படுங்கோ!" என்பார். அக்காவும் சிரிப்பார். அக்கா சிரிக்கிற அன்று எனக்கும் கொஞ்சம் இலேசாக இருக்கும்.

லக்சிகா வளர்ந்து பல்கலைக்கழகம் போனாள். படிப்பு முடிந்த கோடையில், "மாமா, என்னை அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் உண்மையாகவே ஓட்டிக் காட்டுங்கள்" என்றாள். நான் மறுத்தேன், அவள் விடவில்லை. போனோம். முதலில் ஒரு பயிற்சியாளரோடு பல நாள் பறந்து காட்டவேண்டியிருந்தது. துருப்பிடித்த கை திரும்ப வந்ததும், சின்னதாக இரண்டு பேர் மட்டும் இருக்கிற ஹெலிகொப்டர் ஒன்றை வாடகைக்குத் தந்தார்கள். கடற்கரையோரமாக அவளைக் கொண்டுபோனேன். பிறகு புல்லுக்கு மேலே அசையாமல் நிறுத்திக் காட்டினேன். "உண்மைதான் மாமா" என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டும்போது கண் கலங்கக்கூடாது, ஆனாலும் கலங்கியது.

அவள் எங்கள் இருவரையும் பார்க்கும்படி ஒரு சின்னக் கமெராவை முன்னால் ஒட்டியிருந்தாள். திரும்பி வந்ததும் லா கூர்னெவில் அக்காவின் ரீவியில் அதைப் போட்டாள். முகமும் தோளும் தெரிந்தன, பின்னால் வானம். நான் கதிரை நுனியில் இருந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அக்கா பார்க்கப் போகிறார்.

"ஓடுற ஆள் எங்கை? பின்னாலை ஒளிச்சிருக்கிறாரோ?" என்றார் அக்கா.

"பின்னால சீட்டே இல்ல அம்மா. ரெண்டு பேர்தான்" என்றாள் லக்சிகா.

அக்கா எழும்பி ரீவிக்குக் கிட்டப் போனார். ஹெலிகொப்டரில் விமானி வலப்பக்கம் இருப்பான். நான் வலப்பக்கம், லக்சிகா இடப்பக்கம். அக்கா பிரான்சில் இத்தனை வருடமாகக் கார், பஸ், லொறி எல்லாவற்றிலும் சாரதியை இடப்பக்கத்தில்தான் பார்த்திருக்கிறார். திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடியே... நீயே ஓடினனி?"

"இல்ல அம்மா! மாமாதான்! சத்தியமா மாமாதான்!"

"சும்மா இரு. அண்டைக்கும் நீ மாமாவைக் காட்டிக்குடுக்கேல்லை, இண்டைக்கும் காட்டிக்குடுக்கமாட்டாய்" என்று அக்கா மகளைக் கட்டிப்பிடித்து அழுதார். புளோரிடாவிலிருந்து நான் ஃபோன் எடுத்த அன்று கேட்ட அதே அழுகை. லக்சிகா அம்மாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். நாங்கள் தேநீர் குடித்து முடிக்கும் முன்பே அக்கா ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார். முதல் அழைப்பு அத்தானின் தமக்கைக்கு.

போன கிழமை தலைமுடி வெட்ட லா சப்பல் போனேன். கத்தரிக்கோல் நின்றது. நான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன்.

"அண்ணை, உங்கடை மருமகள் ஹெலி ஓடுறாளாம்! நீங்களும் பயப்பிடாமல் பக்கத்திலை இருந்தனீங்களாமே!"

"பயம் இல்லாமல் இருக்குமே தம்பி" என்றேன். "ஆனால் பிள்ளை நல்லா ஓடினவள்."